வீடு ஓரிடம், வாழ்வு ஓரிடம்: வீட்டுக் கடனும் வருமான வரியும்

சொந்த ஊரில் ஒரு வீடு. பிழைப்பின் பொருட்டு வேறோர் ஊரில் வாசம். தமிழகத்துக்கு வெளியே வாழும் நம்மவர் பலருக்கும் இது பழகிய நிலைதான். டில்லியிலோ, மும்பையிலோ, கொல்கத்தாவிலோ வாடகை வீட்டில் காலங்கழிக்கும் ஒருவருக்குக் கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ கடன்பட்டுக் கட்டிய வீடு ஒன்று இருக்கும். அவருடைய மகனோ மகளோ கடல் கடந்து சிங்கப்பூரிலோ, துபாயிலோ, அமெரிக்காவிலோ இருப்பார். அவர் பேரிலும் ஊரில் ஒரு வீடு இருக்கும். அதன் மேல் ஒரு வங்கிக் கடனும் இருக்கும். இத்தகைய குடும்பங்களில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுகின்றது: "நாம் வெளிநாட்டு வாசிகளாகிவிட்டோமே, வீட்டுக் கடன் வட்டிக்கு இந்தியச் சட்டம் தரும் கழிவு நமக்கும் உண்டா? வாடகையில் பிடித்துக்கொண்ட வரி திரும்பக் கிடைக்குமா?"

உண்டு என்பதும், முறைப்படி கேட்டால் கிடைக்கும் என்பதுமே விடை. ஆயின் இவ்விடை ஒரே நாளில் பிறந்ததன்று. வீடு எங்கே நிற்கின்றது, அதன் உரிமையாளர் எங்கே வாழ்கின்றார் என்னும் இரு கேள்விகளையும் நம் வரிச் சட்டம் நெடுங்காலம் ஒன்றோடொன்று பின்னி வைத்திருந்தது. அப்பின்னல் மெல்ல மெல்ல அவிழ்ந்த வரலாற்றை அறிந்துகொண்டால் இன்றைய விதிகளின் நியாயமும் விளங்கும். நமக்குரியதைக் கேட்டுப் பெறும் துணிவும் வரும்.

இந்தியாவில் வருமான வரி 1860-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24-ஆம் நாள் பிறந்தது. 1857-ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சியை அடக்கச் செலவிட்ட பணம் கஜானாவில் பெரும் பள்ளத்தை உண்டாக்கியிருந்தது. அதனை நிரப்புவதற்கென இங்கிலாந்திலிருந்து வந்த முதல் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்ஸன் இவ்வரியைக் கொணர்ந்தார். ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைந்த வருமானத்துக்கு வரி இல்லை. 200 முதல் 500 வரை நூற்றுக்கு 2. அதற்கு மேல் நூற்றுக்கு 4 என்பது அன்றைய விகிதம். அப்போது சென்னை மாகாணத்தின் ஆளுநராயிருந்த சர் சார்லஸ் டிரெவெலியன் இப்புதிய வரிகளை வெளிப்படையாகவே எதிர்த்தார். அதன் பயனாகப் பதவியினின்றும் திரும்ப அழைக்கப்பட்டார். வில்ஸனோ அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கல்கத்தாவில் காலமானார். அவர் கொணர்ந்த வரி 1865-இல் முடிவுற்றது. பின்னர் வருவதும் போவதுமாக இருந்து, 1886-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலையாக வேரூன்றியது.

அந்த நாள் முதலே வீடு வரிக்குரிய பொருளாகக் கருதப்பட்டது. வாடகைக்கு விட்ட வீடு வருமானந் தருவது இயல்பு. ஆனால் உரிமையாளரே குடியிருக்கும் வீட்டையும் 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வருமான ஊற்றாகவே எண்ணியது. வாடகை கொடுக்காமல் வாழ்கின்றாரல்லவா, அம்மிச்சமும் ஒரு வருமானந்தான் என்பது அக்கொள்கை. இங்கே நாம் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நிலத்திலும் வீட்டிலும் பிறக்கும் வருமானம் அவை கிடக்கும் நாட்டுக்கே முதலில் வரி தரவேண்டும் என்னும் நெறி இத்தொடக்க காலத்திலேயே வேர்விட்டது. இன்று இந்தியா பிற நாடுகளோடு செய்துகொண்டுள்ள இரட்டை வரி விலக்கு உடன்படிக்கைகளிலும் இந்நெறி தொடர்கின்றது: அசையாச் சொத்தின் வருமானத்துக்கு அச்சொத்து நிற்கும் நாடு வரி விதிக்கலாம்.

கடன் வட்டிக்குக் கழிவு என்னும் உரிமை 1922-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் தெளிவான உருப் பெற்றது. வீட்டின் ஆண்டு மதிப்பை முதலில் கணக்கிட வேண்டும். அதில் ஆறில் ஒரு பங்கைப் பழுதுபார்க்கும் செலவுக்கெனக் கழிக்க வேண்டும். வீடு அடைமானத்தில் இருந்தால் அதன் வட்டியையும் கழிக்க வேண்டும். பின்னர் வந்த திருத்தத்தால் வீட்டை வாங்கவோ, கட்டவோ, புதுப்பிக்கவோ பெற்ற கடனின் வட்டியும் இவ்வரிசையில் சேர்ந்தது. இங்கே கவனிக்கத்தக்கது, இக்கழிவு ஆளின் தகுதியைப் பார்த்துத் தரப்பட்ட சலுகையன்று என்பதே. வீட்டிலிருந்து உண்மையில் எஞ்சும் வருமானம் எவ்வளவு என்று காண்பதற்கான கணக்கின் ஒரு படி அது. உரிமையாளர் காரைக்குடியில் இருந்தாலும் கோலாலம்பூரில் இருந்தாலும் வட்டி வட்டிதானே! இந்த அடிப்படையே இன்றைய வெளிநாட்டு வாசியின் உரிமைக்கும் வித்தாகும்.

இனி, ஆளைப் பற்றிய கேள்விக்கு வருவோம். 1939-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இதில் ஒரு திருப்புமுனை. உள்நாட்டு வாசி, நிலையான வாசமில்லா உள்நாட்டு வாசி, வெளிநாட்டு வாசி என மூவகைப் பிரிவை அது நிறுவியது. உள்நாட்டு வாசிக்கு உலகெங்கும் ஈட்டிய வருமானத்தின்மேல் வரி. வெளிநாட்டு வாசிக்கு இங்கே பிறந்த வருமானத்தின்மேல் மட்டும் வரி. இப்பிரிவினையின் சூடு தமிழ் நாட்டில் மிகுதியாகவே உறைத்தது. பர்மா 1937-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் நாள் இந்தியாவினின்றும் பிரிந்து தனி நாடாக ஆளப்படலாயிற்று. இரங்கூனில் கடை வைத்து, செட்டிநாட்டில் வீடு வைத்து வாழ்ந்த நகரத்தார் குடும்பங்களுக்கு நேற்றைய உள்நாட்டு வருமானம் இன்று அயல்நாட்டு வருமானமாய் மாறியது. இலங்கையிலும் மலேயாவிலும் தொழில் நடத்தியோரும் தாம் எவ்வகை வாசி என்று கேட்டு நிற்க வேண்டிய காலம் அது.

வாசத்தை அளக்கச் சட்டம் கொண்ட கோல்கள் பல. ஓராண்டில் 182 நாள் இங்கே தங்கினால் உள்நாட்டு வாசி என்பது ஒன்று. மற்றொன்றுதான் நம் பொருளுக்கு நெருங்கியது. ஒருவர் இங்கே தமக்கென ஒரு வாசஸ்தலத்தை 182 நாள் வைத்திருந்து, அந்த ஆண்டில் சிறிது காலமேனும் இங்கே வந்து சென்றாலும் அவர் உள்நாட்டு வாசியே என்றது சட்டம். அதாவது, வீடே ஆளைக் கட்டிப்போடும் சாட்சியாயிற்று. ஊரில் ஒரு வீட்டைத் திறந்து வைத்து விளக்கேற்றிக்கொண்டிருப்பதே வெளிநாட்டில் ஈட்டிய பொருளையெல்லாம் இங்குள்ள வரிக்கு உட்படுத்தப் போதுமான காரணமாயிற்று. தந்தையின் வீடு மகனுக்கென வைக்கப்பட்ட வாசஸ்தலமாகுமா, பூர்விகக் கூட்டுக் குடும்ப வீடு ஒவ்வோர் உறுப்பினருக்கும் வாசஸ்தலமாகுமா என்றெல்லாம் வழக்குகள் எழுந்தன.

கூட்டுக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறொரு கோலும் வைத்திருந்தது. குடும்ப விவகாரங்களின் நிர்வாகம் முழுவதும் வெளிநாட்டிலேயே நடந்தாலன்றிக் குடும்பம் உள்நாட்டு வாசியே என்பது அது. இலங்கையில் மனைவி மக்களோடு வாழ்ந்து தொழில் நடத்திய ஒரு தமிழ்க் குடும்பத் தலைவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கணக்கெடுத்த ஆண்டில் அவர் இந்தியாவில் தங்கியது 101 நாள். உச்ச நீதிமன்றம் தோன்றிய 1950-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பு வெளியாயிற்று. நிர்வாகம் முழுவதும் வெளியே நடந்ததென மெய்ப்பிக்கப்படவில்லை. ஆதலின் குடும்பம் உள்நாட்டு வாசியே என்னும் முடிவை நீதிமன்றம் நிலைநிறுத்தியது. வந்து போவது ஒரு செய்தி, வாழ்வது ஒரு செய்தி என்று பாமரர் எளிதில் பிரித்துவிடுவர். சட்டத்துக்கு அஃது அத்துணை எளிதாக இருக்கவில்லை.

1961-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 1962-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதிலும் வாசஸ்தல விதி தொடர்ந்தது. ஒரு மாற்றம் மட்டும் உண்டு: வீட்டை 182 நாள் வைத்திருப்பதோடு அந்த ஆண்டில் 30 நாளேனும் இங்கே தங்கியிருக்க வேண்டும். விடுமுறைக்கு ஊர் வருவோர்க்கு 30 நாள் என்பது பெரிய அளவன்று. 1973-க்குப் பின் எண்ணெய் விலை உயர்ந்து, வளைகுடா நாடுகளுக்கு நம்மவர் திரளாகச் சென்றபோது இவ்விதியின் கடுமை புலப்பட்டது. அங்கே சம்பளத்துக்கு வரி இல்லை. ஆயின் ஊரில் சேமிப்பைக் கொண்டு ஒரு வீடு கட்டி, அதைத் தமக்கென வைத்துக்கொண்டு, ஒரு மாத விடுப்பில் வந்து பெற்றோரைக் கண்டு சென்றால், அவ்வீடே அவரை உள்நாட்டு வாசியாக்கிவிடக் கூடும். பொருளீட்டச் சென்றவரின் முதற்கனவு வீடு. அக்கனவே அவருக்கு வினையாகவும் முடியக்கூடிய விந்தை அது.

இம்முடிச்சை 1982-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அவிழ்த்தது. வாசஸ்தல விதி 1983-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொட்டு நீக்கப்பட்டது. அதன்பின் ஒருவர் எந்நாட்டு வாசி என்பதைத் தங்கிய நாட்களைக் கொண்டே பெரும்பாலும் முடிவு செய்தனர். 2020-ஆம் ஆண்டில் இங்கு 15 இலட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உடையோர்க்கு நாட்கணக்கு சற்று இறுகியது. எனினும் வீடு வைத்திருப்பது குற்றமாகக் கருதப்படும் நிலை மீண்டும் வரவில்லை. வீடு ஓரிடம், வாழ்வு ஓரிடம் என்பதைச் சட்டம் ஒருவாறு ஒப்புக்கொண்டது.

உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டின் கதையையும் சுருங்கச் சொல்லிவிடுவோம். 1922-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் மதிப்பை மொத்த வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வைத்தது. 1986-ஆம் ஆண்டின் திருத்தம் அம்மதிப்பைச் சுழியாக்கியது. அதற்கீடாக வட்டிக் கழிவுக்கு ரூ. 5,000 என ஓர் எல்லை கட்டியது. வீட்டு விலைகள் ஏற ஏற அவ்வெல்லையும் உயர்ந்தது. 2001-ஆம் ஆண்டில் ரூ. 1,50,000 ஆயிற்று, 2014-இல் ரூ. 2,00,000 ஆயிற்று. பழுதுபார்ப்புக்கெனத் தரும் கழிவும் 2001-இல் நூற்றுக்கு 30 என ஒரே அளவாக்கப்பட்டது. இது வாடகை வீட்டுக்கே பொருந்தும்.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நேயர்களுக்கு மிகவும் உரிய ஒரு விதியும் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. உத்தியோகத்தின் பொருட்டோ தொழிலின் பொருட்டோ வேறோர் ஊரில், தமக்குச் சொந்தமல்லாத கட்டடத்தில் வாழ நேர்ந்து, அதனால் தம் வீட்டில் குடியிருக்க இயலாதவருக்கு, பூட்டிக் கிடக்கும் அவ்வீடும் குடியிருக்கும் வீடாகவே மதிக்கப்படும் என்பது அது. 2019-ஆம் ஆண்டில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு வீடுகளுக்கு இந்நன்மை விரிந்தது. 2025-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், குடியிருக்க இயலாமைக்குக் காரணம் எதுவாயினும் ஏற்கத்தக்கதே என்று விதியை எளிதாக்கியது. டில்லியில் இருப்பவர்க்குக் கிடைக்கும் இந்நன்மை துபாயில் இருப்பவர்க்கும் கிடைக்கும்.

இனி, வரி வாபஸ் எவ்வாறு பிறக்கின்றது என்று காண்போம். வீட்டின் உரிமையாளர் வெளிநாட்டு வாசி என்றால், வாடகை கொடுப்பவர் அதில் வரியைப் பிடித்துக்கொண்டு அரசாங்கத்திடம் கட்டிய பிறகே மீதியைக் கொடுக்க வேண்டும். 2018-ஆம் ஆண்டில் தீர்வை நூற்றுக்கு 4 ஆன பின்னர் அப்பிடித்தம் பொதுவாக நூற்றுக்கு 31.2 ஆயிற்று. உள்நாட்டு வாசியின் வாடகைக்கு உள்ளதுபோல் இன்ன தொகைக்குக் கீழே பிடித்தமில்லை என்னும் வரம்பு இதில் இல்லை. குடியிருப்பவர்க்கு வீட்டுக்காரரின் கடனைப் பற்றியும் வட்டியைப் பற்றியும் என்ன தெரியும்? முழு வாடகையின்மேல் பிடித்தம் செய்வதே அவர் கடமை. அவர் பிடிப்பது மொத்த வாடகையின்மேல். சட்டம் கேட்பதோ எஞ்சிய வருமானத்தின்மேல். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே திரும்பி வர வேண்டிய தொகை.

ஒரு கணக்கைப் பாருங்கள். மாத வாடகை ரூ. 30,000 என்றால் ஆண்டுக்கு ரூ. 3,60,000. பிடித்தம் ரூ. 1,12,320. இப்போது சட்டப்படி கணக்கிடுவோம். உரிமையாளர் கட்டிய நகராட்சி வரி ரூ. 10,000 போக ரூ. 3,50,000. அதில் நூற்றுக்கு 30, அதாவது ரூ. 1,05,000 போக ரூ. 2,45,000. ஆண்டில் கட்டவேண்டிய கடன் வட்டி ரூ. 2,40,000 எனக் கொண்டால் எஞ்சும் வருமானம் ரூ. 5,000 மட்டுமே. வேறு வருமானம் இங்கே இல்லையாயின் வரியே இல்லை. பிடித்த ரூ. 1,12,320 முழுவதும் அவருக்குரியது. ஆனால் அது தானே நடந்து வந்து சேராது. வருமான விவரப் படிவம் சமர்ப்பித்தாலன்றி, அப்பணம் கஜானாவில்தான் கிடக்கும். ஏறத்தாழ நான்கு மாத வாடகையை, "நாம்தான் வெளிநாட்டில் இருக்கின்றோமே" என்று எண்ணிக் கைவிடுவோர்க்கு நேரும் இழப்பு இதுவே.

திரும்பப் பெறும் முறையும் காலத்தோடு மாறியது. 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், கட்டியது மிகை என்று வருமான வரி அதிகாரிக்கு மெய்ப்பிக்கும் பொறுப்பு மனுதாரரைச் சேர்ந்தது. பிடித்தச் சான்றுகளைத் திரட்டி, மனு எழுதி, கடல் கடந்து கடிதப் போக்குவரத்து நடத்த வேண்டியிருந்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் தாமதமாகத் தரும் தொகைக்கு அரசாங்கமே வட்டி தரவும் வகை செய்தது; அவ்வட்டி இப்போது மாதத்துக்கு நூற்றுக்கு அரை. 2009-ஆம் ஆண்டில் பெங்களூருவில் மத்திய செயலாக்க மையம் நிறுவப்பெற்ற பின், படிவங்கள் கணினி வழியே பரிசீலிக்கப்பட்டு, தொகை நேரே வங்கிக் கணக்கில் சேர்கின்றது. குடியிருப்பவர் பிடித்ததை முறையாகக் கட்டி, உரிமையாளரின் நிரந்தரக் கணக்கு எண்ணைச் சரியாகக் குறித்திருக்க வேண்டும் என்பதே இதில் முக்கியம். எண் தவறினால் பணமும் வழி தவறும். இவ்வளவு பிடித்தம் வேண்டாம் என்பவர் முன்னதாகவே வருமான வரி அதிகாரியிடம் விண்ணப்பித்து, குறைந்த விகிதத்தில் பிடிக்கும் சான்று பெற்றுக்கொள்ளவும் வழியுண்டு.

எச்சரிக்கைகள் சிலவும் சொல்ல வேண்டும். வட்டிக் கழிவு வீட்டின் உரிமையாளருக்கே உரியது. மகன் வெளிநாட்டிலிருந்து தவணை கட்ட, வீடு தந்தையின் பேரில் மட்டும் இருந்தால், மகனுக்குக் கழிவில்லை. பாசத்தால் செய்த காரியமாயினும் பத்திரத்தில் உள்ள பெயரையே சட்டம் பார்க்கும். இரண்டாவது, இங்கே வரியே கட்டாதவருக்கு வாபஸ் பெற ஏதுமில்லை. கழிவு என்பது நன்கொடையன்று. மூன்றாவது, கடன் வெளிநாட்டாரிடம் பெற்றதாயின் வட்டியும் வெளிநாட்டுக்கே செல்லும். அவ்வட்டி இங்கே வரிக்குரியதாக இருந்து, அதன்மேல் வரி பிடிக்கப்படாமலும், வரிக்குப் பொறுப்பான பிரதிநிதி இங்கே இல்லாமலும் இருந்தால், கழிவு மறுக்கப்படும். 1938-க்கு முன் பொதுமக்களிடம் திரட்டிய கடனுக்கு மட்டும் விலக்களித்த இப்பழைய விதி, 1961-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படியே இடம்பெற்றது. நான்காவது, அமெரிக்கா போன்ற நாடுகள் தம் வாசிகளின் உலக வருமானத்துக்கு வரி கேட்பவை. இங்கே பெற்ற வாடகையை அங்கேயும் காட்டி, இங்கே கட்டிய வரிக்கு ஈடு கோர வேண்டும்.

புதிய வரி முறை 2020-இல் வந்தது. 2023-24 நிதியாண்டு முதல் வேறு தேர்வு செய்யாதவர்க்கெல்லாம் அதுவே பொருந்தலாயிற்று. அதில் விகிதங்கள் குறைவு. ஆனால் தாமே குடியிருக்கும் வீட்டின் அல்லது பூட்டிக் கிடக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவில்லை. வாடகை வீட்டுக்கு உண்டு. எனினும் வட்டியால் வரும் நஷ்டத்தைப் பிற வருமானத்தில் ஈடுசெய்ய இயலாது. பழைய முறையில் இரண்டு இலட்சம் வரை ஈடுசெய்யலாம். ஆதலின் பூட்டிய வீடு உடையவர் வங்கி வட்டியில் பிடித்த வரியைத் திரும்பப் பெற விரும்பினால், எம்முறை நலந் தரும் என்று கணக்கிட்டுப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வருமாறு 2025-இல் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டது. பிரிவுகளின் எண்கள் மாறின. வீட்டு வருமானத்தைக் கணக்கிடும் நெறி மாறவில்லை.

1860-இல் தொடங்கிய இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது இது. வட்டிக் கழிவு வீட்டோடு பிறந்த உரிமை. உரிமையாளர் கடல் கடந்தாலும் அது அவரைப் பின்தொடர்ந்து செல்லும். ஒரு காலத்தில் வீடு வைத்திருப்பதே வெளிநாட்டில் உழைப்பவருக்குச் சுமையாக இருந்தது. இன்று அச்சுமை இல்லை. ஆனால் உரிமை சட்டத்தில் இருப்பதால் மட்டும் பணம் கையில் வந்துவிடாது. ஊரிலுள்ள வீட்டின் பத்திரத்தையும், வங்கி தரும் வட்டிச் சான்றையும், பிடித்தச் சான்றையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் எழுதுங்கள். வியர்வை சிந்திக் கட்டிய வீட்டின் கணக்கை உரிய காலத்தில் உரிய இடத்தில் சொல்லிவிட்டால், நமக்குரியது நம்மிடம் வந்து சேரும்.